நாலு நிமிடம்

கொட்டாஞ்சேனையில் ஒரு மேல்மாடி அறை.
சுவரெல்லாம் முட்டை மட்டைகள்.
சத்தம் ஏறுமென்று மின்விசிறியை நிறுத்திவிட்டார்கள்;
வியர்த்துக்கொண்டே பகிடி சொல்ல வேண்டும்.
அனோஜன், ஃபர்ஹாத், ரெண்டு பெடியள்.
"அக்கா, இந்தக் கிழமை விருந்தாளி நீங்கதான்.
கோர்ட் கதை ஒண்டு சொல்லுங்கோ. பேர் வேண்டாம்."

பேர் சொல்லவில்லை.
புதுக்கடை நீதிமன்றத்தில் பத்தொன்பது வருடமாகத்
தமிழைச் சிங்களமாக்கிச் சம்பளம் வாங்குகிறேன்.
எதை விடுவது என்பதுதான்
அந்த உத்தியோகத்தில் பாதி.

சேவல் வழக்கைச் சொன்னேன்.
ஒரு கிழவர். பக்கத்து வீட்டில் ஒரு சேவல்,
மூன்று மணிக்கே விடிந்துவிட்டதென்று நம்பும் சேவல்.
"கழுத்தைத் திருகினீரா?" என்றார் நீதவான்.
கூண்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு
கிழவர் தொடங்கினார்.
சேவலில் ஆரம்பித்து, சேவல்காரனின் தகப்பனுக்குப் போய்,
அங்கிருந்து மாநகரசபை, மழைத்தண்ணி, ஈரப்பலாக் கொப்பு,
நாலு நிமிடம். சுவரில் மணிக்கூடு பார்த்தேன்.
நீதவான் என் பக்கம் திரும்பினார்.
சிங்களத்தில் சொன்னேன்:
"இல்லை என்கிறார், ஐயா."

அனோஜன் மேசையில் விழுந்து சிரித்தான்.
ஃபர்ஹாத் தண்ணீரை மைக்கில் துப்பினான்,
அதை வெட்டாமலே விட்டார்கள்.

வெள்ளிக்கிழமை வெளியானது.
திங்கள், "புறக்கோட்டை போகுமா?" என்ற குரலுக்கே
ஆமர் வீதி ஓட்டோக்காரர் பிரேக் போட்டார்.
உங்களிட்டக் கூட எடுக்கமாட்டன் மிஸ் என்று சொல்லிக்
கூட எடுத்தார்.
வெள்ளவத்தை மீன்காரர், பாரைக்கு விலை குறைக்கச் சொன்னால்
தன் குடும்பச் சரித்திரம் முழுக்கச் சொல்லி
"இல்லை என்கிறார்" என்று தானே முடித்தார்.
பதினொரு சட்டத்தரணிகள் தனித்தனியாக வந்தார்கள்:
அது என்ர வழக்குத்தானே?
ஒருவர் கோபமாக. மற்றவர்கள் பெருமையாக.
கனடாவிலிருந்து மச்சாளின் குரல்செய்தி:
கதை நல்லம், ஆனா உன்ர சிரிப்பு
ஆடு செருமுற மாதிரி.

புதன் இரவு, பாத்திரம் கழுவுகையில் ஒரு அழைப்பு.
சிங்களம். பிலியந்தலையாம். பேர் நிரஞ்சலா.
"அந்தச் சேவல் கதைக்காரர் எங்கள் தாத்தா" என்றாள்.
சிங்களத்தில் அது அப்பா.

"அலுவலகத்தில் எல்லாரும் சிரித்தோம். நானும்.
எனக்குத் தமிழ் பாதிதான் விளங்கும்,
அம்மாவின் மொழியில் வளர்ந்தேன்.
வீட்டில் அவரிடம் ஐம்பது சொல் இருந்தது.
சாப்பிடு. காசு இருக்கா. கதவைப் பூட்டு.
போன ஐப்பசியில் போய்விட்டார்.
நாலு நிமிடம் தொடர்ந்து கதைத்தாரா?
என்ன சொன்னார்?"

ஈரக் கையோடு நின்றேன்.
நினைவில்லை என்றிருக்கலாம்,
அதுவும் ஒரு மொழிபெயர்ப்புத்தான்.
ஆனால் எல்லாம் இருந்தது.
சொன்னவை போய்விடும், விட்டவை கிடக்கும்,
இந்தத் தொழிலின் வாதம் அது.

சொன்னேன். ஒன்றும் குறையாமல்.
மாநகரசபையை, கொப்பை, தகப்பனுக்கு விழுந்த வசவை.
பெண்சாதி போனபின் ரெண்டரைக்குத்தான்
நித்திரை வருகிறதென்று அவர் சொன்னதை.
"அந்த அரை மணித்தியாலம் அவள் வாறாள் ஐயா,
வந்து தமிழில கதைக்கிறாள்,
இருக்கேக்க ஒருநாளும் கதைக்காத தமிழ்,
பாதியில இது கூவுது."
கையில் தூக்கினாராம். சூடாக இருந்ததாம்.
இறக்கிவிட்டாராம்.

மறுமுனையில் நெடுநேரம் ஒன்றுமில்லை.
பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு,
"அந்த வசவு மட்டும் தமிழில்."

"வாய் புழுத்துப் போவான்."

"புலுத்து," என்றாள்.
ழ, என்றேன். நாக்கை மேலே மடிக்க வேண்டும்.
"புளுத்து."
இல்லை, இன்னும் உள்ளே.
பின்னால் யாரோ ஒரு ஆண்குரல், யார் அது என்று கேட்டது.
பதில் சொல்லாமல்
அவள் திரும்பவும் தொடங்கினாள்.